நிரந்தரச் சித்தப்பா

எங்கள் ஊரில் சண்டை கேம் போட்டிகளைக் கல்யாண மண்டபத்தில்தான் நடத்துவார்கள். வாசலில் பன்னீர் தெளித்து, எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். பெண் வீட்டுப் பக்கம் என்றால் இடது வாசல், மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் என்றால் வலது வாசல். பெண்ணும் கிடையாது, மாப்பிள்ளையும் கிடையாது. இரண்டு பேர் மேடையில் உட்கார்ந்துகொண்டு, பெரிய திரையில் இரண்டு பொம்மைகளை அடித்துக்கொள்ள வைப்பார்கள், அவ்வளவுதான். ஆனாலும் பக்கம் உண்டு. பக்கம் இல்லாதவர் உள்ளே போக முடியாது. பன்னீர் பட்டுவிட்டதால் வெளியேயும் போக முடியாது.

திருமூர்த்திக்கு இதெல்லாம் தெரியாது. இப்படியொரு போட்டிக்கு அவர் வருவது இதுதான் முதல் தடவை.

அவருக்கு நாற்பத்தாறு வயது. கணபதி என்ற பகுதியில், எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். பட்டறை என்றால் அவரும் ஒரு மேசையும். மனைவி நான்கு வருஷத்துக்கு முன்னால் திருப்பூரில் தங்கை வீட்டுக்கு இரண்டு நாள் போய் வருகிறேன் என்று போனார். அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை. திருமூர்த்தியைக் கடைசியாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர். அதுவும் வேறொரு திருமூர்த்தியைத் தேடி வந்தவர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவிடுக்கில் ஒரு நோட்டீஸ் கிடந்தது. சண்டை கேம் போட்டி, பார்க்க ஆள் தேவை, கூட்டமாக இருக்கும் என்று அதில் போட்டிருந்தது. கூட்டமாக இருக்கும் என்ற வரியை இரண்டு தடவை படித்தார். இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வாசலில் கோகிலவாணி நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். ஒரு கையில் பன்னீர்ச் செம்பு, இன்னொரு கையில் ரப்பர் ஸ்டாம்பு. அங்கே வரவேற்பும் அவர்தான், தீர்ப்பும் அவர்தான்.

"ஆருக்காக வந்தீங்க?"

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேனுங்க."

"சும்மாங்கறது எந்தப் பக்கமுங்க?"

கோகிலவாணி ஒரு படிவத்தை நீட்டினார். பெயர், வயது வரைக்கும் சிக்கல் இல்லை. கடைசிக் கேள்வியில் பேனா நின்றுவிட்டது. 'நீங்கள் இங்கே வந்திருப்பது யாருக்குத் தெரியும்?' என்று கேட்டிருந்தார்கள். அவர் மெல்ல யோசித்துப் பார்த்தார். பால்காரருக்குக் கூடத் தெரியாது. காலியாகவே விட்டார்.

"காலியா உட்டா நீங்க வரலைன்னு அர்த்தமுங்க."

"அதான் வந்துட்டேனுங்களே."

"அது உங்களுக்குத் தெரியுது. படிவத்துக்குத் தெரியோணுமல்ல?"

கோகிலவாணி பெருமூச்சு விட்டார். பிறகு அவரே 'எனக்குத் தெரியும்' என்று எழுதினார். பக்கத்தில் 'மதியம் ஒரு மணி வரை' என்று சேர்த்தார்.

"ஒரு பொண்ணுக்கு ஆருமே வரலீங்க. ஆரும் வராட்டி லைஃப் ஏறாது. நீங்க போய் உக்காந்துக்கறீங்களா?"

திரையின் மேலே ஓடும் பச்சைக் கோடுதான் பொம்மையின் லைஃப். அடிபட அடிபடக் குறையும். தீர்ந்துபோனால் தோல்வி. ஆடுகிறவருக்குச் சொந்தக்காரர் ஒருவராவது வந்து உட்கார்ந்தால்தான் அந்தக் கோடு ஏறும். கூட்டுறவுக் கடையில் கூட இவ்வளவு கண்டிப்பு இல்லை.

"என்ன உறவுங்க காலியா இருக்குது?"

கோகிலவாணி ஒரு நோட்டைப் புரட்டினார். "சித்தப்பா காலியா இருக்குது." ஸ்டாம்பை அவருடைய சட்டைப் பையின்மேல் குத்தினார்.

அந்தப் பெண்ணின் பெயர் மிருதுளா. இருபத்திரண்டு வயது. கோபியிலிருந்து தனியாக பஸ் ஏறி வந்தவள். பெண் வீட்டுப் பக்கத்து மேடை ஓரத்தில், காலியான ஐம்பது நாற்காலிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"இத்தன நேரம் எங்க போனீங்க சித்தப்பா?"

"பஸ் கெடைக்கல அம்மிணி."

இதைச் சொன்னதும், பஸ்ஸுக்கு நின்ற கால்வலி அவருக்கு நிஜமாகவே வந்தது.

"இந்தப் பாட்டிலப் புடிங்க. ரவுண்டு முடிஞ்சதும் தண்ணி குடுக்கோணும். எனக்குக் கையி நடுங்கும்."

திருமூர்த்தி பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவரிடம் ஒருத்தர் தண்ணீர் கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது.

பச்சைக் கோடு ஏறியது. மிருதுளாவின் பொம்மை ஒரு குடைக்காரி. குடையை விரித்துத் தடுப்பாள், மடக்கி அடிப்பாள். எதிரே ஒரு பயில்வான். திருமூர்த்திக்கு ஆட்டம் ஒன்றும் புரியவில்லை. குடை விரியும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டார், மடங்கும்போது விட்டார். பயில்வான் விழுந்தான். அவர் எழுந்து கை தட்டினார். அந்தப் பக்கத்தில் கேட்டது அந்த ஒரு கைதட்டல்தான்.

"நல்லா அடிச்சே அம்மிணி."

"நீங்க பாத்துட்டு இருந்தீங்கல்ல, அதானுங்க." அவள் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பாட்டிலை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

தோற்றவருடைய சொந்தக்காரர்கள் ஜெயித்தவருக்குச் சொந்தமாகிவிட வேண்டும் என்பது போட்டி விதி. பயில்வான் பக்கத்தில் இருந்த பதினான்கு பேரும் தங்கள் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு நடுப்பாதையைக் கடந்து வந்தார்கள். பயில்வானை ஆட்டிய இளைஞரும் கடைசியில் தன் நாற்காலியோடு வந்து, மிருதுளாவுக்கு அத்தை மகனாக உட்கார்ந்துகொண்டார். திருமூர்த்தி அதையும் பார்த்தார். பார்த்தாரே தவிர, யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு மிருதுளா வரிசையாக ஜெயித்தாள். ஒவ்வொரு தடவையும் கூட்டம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தது. பெரியப்பாக்கள் வந்தார்கள். தாய்மாமன்கள் வந்தார்கள். மடியில் பூண்டை வைத்து உரித்துக்கொண்டே ஒரு பெரியத்தை வந்தார். அவர் நேராகத் திருமூர்த்தியிடம் வந்து பாட்டிலைக் கேட்டார்.

"குடுங்க, இனி நான் பாத்துக்கறேன். நீங்க எத்தனாவது சித்தப்பா?"

"ஒரே சித்தப்பாதானுங்க."

"நல்லா எண்ணிப் பாத்துச் சொல்லுங்க. இப்பவே பதினேழு பேரு இருக்கறாங்க."

பாட்டில் போய்விட்டது. முறைப்படி தாய்மாமன்களுக்கு முன்வரிசை. அவர் பன்னிரண்டாம் வரிசைக்குப் போனார். அடுத்த ஆட்டத்தில் இருபத்தாறு. அதற்கடுத்ததில் நாற்பத்தொன்று. வரிசைகள் கூடக் கூட மண்டபம் நீண்டுகொண்டே போனது. அங்கிருந்து பார்க்க மேடை உள்ளங்கை அளவுதான் இருந்தது. மிருதுளாவின் தலை ஒரு மிளகு.

பக்கத்து நாற்காலியில் ஒரு ஸ்டாண்ட் ஃபேன் இருந்தது. அதன் கழுத்தில் 'மாமா' என்ற அட்டை தொங்கியது.

"ஏனுங் மாமா, அம்மிணி இந்தப் பக்கம் ஒருக்காவாவது திரும்பிப் பாத்துச்சுங்களா?"

மாமா இடமும் வலமுமாக, இல்லை இல்லை என்று தலையாட்டினார். எது கேட்டாலும் அதே பதில்தான். திருமூர்த்திக்கு அழுகை வந்தது. முந்நூறு பேருக்கு நடுவில், பட்டறையில் இருப்பதைவிடத் தனியாக இருந்தார்.

ஆனால் அவருக்கு ஒரு காது இருந்தது. மோட்டாரைத் திறக்காமலே, ஓடுகிற சத்தத்தை வைத்து எந்தக் காயில் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். இறுதி ஆட்டத்துக்கு வரப்போகிற அகிலன் என்ற பல் டாக்டரின் கன்ட்ரோலரில் ஒரு பட்டனுக்கு ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. டாக்டர் முந்தைய ஆட்டங்களில் ஆடும்போது, தரையோடு வாரிவிடும் பெரிய உதைக்கு முன்னால் மட்டும் அது 'டிக், டிக்' என்று இரண்டு தடவை அடித்தது. நாற்பத்தொன்றாம் வரிசை வரைக்கும் அது அவருக்குத் துல்லியமாகக் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டதும் குதித்துவிட்டால் உதை காலுக்கடியில் போய்விடும். இது அந்த மண்டபத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

எழுந்து கோகிலவாணியிடம் போனார்.

"பொண்ணுகிட்ட ஒண்ணு சொல்லோணுமுங்க."

"நிரந்தரக்காரங்களுக்குத்தான் சொல்ற உரிமை. ஒரு ஆட்டத்துக்கு ஒரு வார்த்தை. சத்தமாச் சொல்லலாம்."

"அப்ப நிரந்தரம்னு போட்டுக்குங்க."

"போட்டா அப்புறம் பக்கம் மாற முடியாதுங்க."

"மாறி நான் எங்கீங்க போகப் போறேன்?"

கோகிலவாணி ஸ்டாம்பை இந்தத் தடவை அவருடைய உள்ளங்கையில் குத்தினார். நிரந்தரச் சித்தப்பா என்று ஊதா நிறத்தில் விழுந்தது. திருமூர்த்தி அதை ஊதி ஊதிக் காயவைத்துக்கொண்டே தன் வரிசைக்குத் திரும்பினார். அவர் சொல்லப்போகிற வார்த்தையைக் கோகிலவாணி போய் மிருதுளாவுக்கும் சொல்லிவிட்டார். 'குதி' என்று சித்தப்பா குரல் கேட்டால் குதித்துவிட வேண்டும், வேறெதையும் யோசிக்க வேண்டாம் என்று.

இறுதி ஆட்டம் தொடங்கியது. மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்திலும் முந்நூறு பேர். அகிலனுடைய பொம்மை ஒரு குல்லாக்காரன். முதல் ரவுண்டு அவனுக்கு, இரண்டாவது குடைக்காரிக்கு. மூன்றாவதில் இரண்டு பச்சைக் கோடுகளும் நகக்கண் அளவுக்கு வந்து நின்றன.

'டிக்' என்று கேட்டது.

திருமூர்த்தி வாயைத் திறந்தார். அப்போதுதான் ஒன்று தோன்றியது. இவள் ஜெயித்தால் எதிர்ப்பக்கத்து முந்நூறு பேரும் நாற்காலியோடு வருவார்கள். அவர் எண்பதாம் வரிசைக்குப் போய்விடுவார். தோற்றால் பெரியத்தை, தாய்மாமன்கள், பதினேழு சித்தப்பாக்கள் எல்லோரும் அந்தப் பக்கம் போய்விடுவார்கள். நிரந்தரக்காரர் மட்டும் இருப்பார். பாட்டில் திரும்ப அவர் கைக்கு வந்துவிடும். ஒரு பாட்டில் தண்ணீருக்காக ஒரு மனுஷன் இவ்வளவு கேவலமாக யோசிப்பானா என்றால், யோசித்தார். முதல் டிக்குக்கும் இரண்டாவது டிக்குக்கும் நடுவில் நிதானமாக யோசித்தார். அதற்குள் ஒரு பெண்மணி வந்து வரிசைகளுக்கு நடுவே பெருக்கிவிட்டுப் போனார்.

மேடையில் மிருதுளா திரும்பினாள். முந்நூறு தலைகளைத் தாண்டி நாற்பத்தொன்றாம் வரிசையைப் பார்த்தாள். ஃபேனைத் தாண்டி அவரைத்தான் பார்த்தாள். சித்தப்பா என்று அவள் உதடு அசைந்தது.

திருமூர்த்தி வாயை மூடிக்கொண்டார்.

'டிக்.'

குல்லாக்காரனின் கால் தரையோடு வந்து வாரியது. குடைக்காரி மல்லாந்து விழுந்தாள். குடை விரிந்தபடி திரையை விட்டே உருண்டு போனது.

எல்லோரும் எழுந்து நாற்காலிகளைத் தூக்கினார்கள். யாருக்கும் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. பெரியத்தை உரித்த பூண்டை முந்தானையில் முடிந்துகொண்டார். மாமாவின் பிளக்கைப் பிடுங்கி, அவரைத் தோளில் தூக்கிப் போனார்கள். கரண்ட் இல்லாமலும் அவர் தலையாட்டிக்கொண்டே போனார். மண்டபம் மெதுவாகப் பழைய நீளத்துக்கு வந்தது. திருமூர்த்தி முதல் வரிசையில் இருந்தார். எதிரே மிருதுளா நின்றாள். அவர் கையை நீட்டினார், பாட்டிலுக்காக.

மிருதுளா தன் நாற்காலியைத் தூக்கினாள்.

"நீங்களும் நாற்காலிய எடுத்துட்டு வாங்க சித்தப்பா."

"எங்க அம்மிணி?"

"அக்கட்டத்தானுங்க, மாப்பிள்ள ஊட்டுப் பக்கம். நான் இப்ப டாக்டருக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சியாம்."

கோகிலவாணி குறுக்கே வந்தார். "அவரு வர முடியாதுங்க. நிரந்தரம்."

"நான் இந்தப் புள்ளைக்காக வந்தவனுங்க. இது எங்க இருக்குதோ அங்கதானுங்க நானும்."

"அந்தப் புள்ள இப்ப ஆட வந்தவங்க இல்லீங்க. பாக்க வந்தவங்க. பாக்க வந்தவங்களுக்காக ஆரும் வர முடியாதுங்க."

திருமூர்த்திக்கு இது நியாயமாகத்தான் பட்டது. அதனால் இன்னும் வலித்தது.

மிருதுளா போகாமல் நின்றாள். "நீங்க ஏனுங் சித்தப்பா குதின்னு சொல்லல? நான் காத்துட்டே இருந்தேனுங்களே."

"பட்டன் சத்தம் கேக்கல அம்மிணி."

சொன்னதும் அவருடைய வலது காது அடைத்துக்கொண்டது. மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் அவருக்கு வலது பக்கம். மிருதுளா நடுப்பாதையில் நின்று திரும்பி ஏதோ சொன்னாள். இரண்டு மூன்று வார்த்தை இருக்கும். முகத்தில் கோபம் இல்லை. அவருக்கு ஒன்றுமே கேட்கவில்லை. அவள் கூட்டத்துக்குள் போனாள். கொஞ்ச நேரம் அவள் தலை தெரிந்தது, அப்புறம் எது அவள் தலை என்று தெரியவில்லை.

இடது பக்கம் ஒரு கதவு திறந்தது. அது பெண் வீட்டுக்காரர்களின் சாப்பாட்டுக் கூடம். வாளியும் கரண்டியுமாக நாற்பது பரிமாறுகிறவர்கள் வரிசையாக நின்றார்கள். மேஜைகளில் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். முந்நூறு பேருக்குச் சமைத்த சாப்பாட்டில் ஆவி பறந்தது. வேறு யாரும் இல்லை.

"எத்தன இலைங்க?" என்று முதலில் நின்றவர் கேட்டார். இடது காதில் நன்றாகக் கேட்டது.

திருமூர்த்தி கூடத்தைப் பார்த்தார். ஒன்று என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"ரெண்டுங்க."

இரண்டு இலை போட்டார்கள். நாற்பது பேரும் வரிசையாக வந்து இரண்டு இலையிலும் பரிமாறினார்கள். உப்பு, பொரியல், கூட்டு, அப்பளம், சோறு, பருப்பு, நெய். காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. சோற்றில் கை வைக்கப் போனார்.

"பொறுங்க, பொறுங்க. பக்கத்து இலைக்கு ஆள் வரட்டுமுங்க. பந்தியில ஒருத்தரு வராம ஒருத்தரு கை வெக்கிறது முறையில்லீங்க. வந்துருவாங்கல்ல?"

"வந்துருவாங்க."

"ஆருங்க வரோணும்?"

"எங்க அண்ணன் மகளுங்க."

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். நாற்பது பேரும் வாளிகளைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார்கள். திருமூர்த்தியும் பார்த்தார். நெய் உறைந்தது. அப்பளம் நமுத்துப்போனது. யாரும் அவசரப்படவில்லை.