ஒன்பது பேர் கூட

அசனார் முதலாளியின் மீன் வாடிக் கொட்டிலில் காலை ஆறு மணிக்கே இறால் வந்து கொட்டியாகிவிட்டது. ஏழு பெண்கள் சீமெந்துத் தரையில் குந்தியிருந்து, தலையைக் கிள்ளி ஒரு பக்கமும் உடலை ஐஸ் பெட்டிக்குள்ளும் போட்டுக்கொண்டிருந்தார்கள். யசோதினி மட்டும் கிள்ளுகிற கிள்ளோடு கேள்வியும் கேட்டுக்கொண்டிருந்தாள். கேள்விக்கொத்து ஒரு பொலித்தீன் பையில் அவளுடைய தலைக்கு மேலே ஆணியில் தொங்கியது. ஈரக் கையால் அதைத் தொட ஏலாது. தொடவேண்டிய தேவையும் இல்லை, இருபத்தாறு கேள்வியும் அவளுக்கு மனப்பாடம்.

"கடந்த ரெண்டு கிழமைக்குள்ள காரணமில்லாம பயம் வந்ததா? ஒருநாளும் இல்ல, சிலநேரம், அடிக்கடி. இதில ஒண்டச் சொல்லுங்க மாமி."

"காரணமில்லாம ஆருக்குகா பயம் வாற?" என்றாள் இலட்சுமிப்பிள்ளை. "எனக்கு வாற பயத்துக்கெல்லாம் காரணம் இரிக்கி. அத எழுத உன்ட தாளில இடம் இரிக்கா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். யசோதினிக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் விடவில்லை, 'அடிக்கடி' என்று மனதுக்குள் குறித்துக்கொண்டாள்.

அவளுக்கு இருபத்தெட்டு வயது. சனியும் ஞாயிறும் ஆரையம்பதியில் பஸ் ஏறி, கல்லடிப் பாலத்தடியில் இறங்கி இராணுவச் சோதனைக்கு நின்று, மறுபடி ஏறி, மட்டக்களப்பு நகரத்துச் சமூகக் கல்லூரிக்குப் போய் வருவாள். சமூக, நடத்தை விஞ்ஞான டிப்ளோமா. பெயரைக் கேட்ட அன்று முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். "மனிசர்ர நடத்தையப் படிக்கிறதுக்கு ஒரு கல்லூரியா புள்ள? இந்த வாடியில ஒரு மாசம் இருந்தாப் போதாதா?" என்று கேட்டார். கேட்டாலும் நல்ல மனிதர், சனிக்கிழமை லீவுக்கு ஒருநாளும் முகம் சுழித்ததில்லை.

படிப்பு அவளுக்குப் பொழுதுபோக்கு அல்ல. ஐஸும் இறால் முள்ளும் சேர்ந்து அவளுடைய விரல்களைத் தின்றுகொண்டிருந்தன. வலது கையில் இரண்டு நகங்கள் சீழ்பிடித்துக் கழன்றே போய்விட்டன. இந்தக் கை இனி ஈரத்துக்கு உதவாது, வேறு வேலை பார் என்று டொக்டர் சொல்லிவிட்டார். சொல்வதற்கென்ன, வேறு வேலையை மருந்துச் சீட்டிலா எழுதித் தரப்போகிறார்! டிப்ளோமாவில் சித்தியடைகிறவர்களில் பத்துப் பேரை ஒரு நிறுவனம் கள உத்தியோகத்தராக எடுக்கவிருந்தது. பரீட்சைகள் எல்லாம் அவள் பாஸ். மிச்சம் இந்தக் கள ஆய்வு ஒன்றுதான்: சுனாமி வீட்டுத்திட்டத்தின் நாற்பது வீடுகள், நாற்பது கேள்விக்கொத்து. அவளும் அம்மாவும் இருப்பது அதில் முப்பத்தாறாம் வீடு.

பின்னேரங்களில் வீடு வீடாகப் போனாள். சுனாமியைப் பற்றிக் கேட்டால் போதும், ஆட்கள் நிறுத்தவே மாட்டார்கள். தண்ணீர் எந்தத் தென்னை மட்டத்துக்கு வந்தது, எந்தக் கையை எந்த இடத்தில் விட்டார்கள், மூன்றாம் நாள் எந்தச் சட்டையை வைத்து ஆளைக் கண்டுபிடித்தார்கள் என்று ஒன்றும் விடாமல் சொன்னார்கள். அழுதார்கள், தேத்தண்ணி ஊற்றித் தந்தார்கள், மறுபடி சொன்னார்கள். கோடு போதாமல் அவள் தாளின் ஓரத்திலும் எழுதினாள்.

பதினான்காம் கேள்வி வந்ததும் எல்லோருடைய வாயும் அடைத்துக்கொண்டது. 'சுனாமிக்குப் பின்னர் உங்கள் வீட்டில் எவராவது கடத்தப்பட்டோ காணாமற்போயோ உள்ளார்களா?' இல்லை. அடுத்த வீட்டிலும் இல்லை. நாற்பது வீட்டிலும் இல்லை.

ஏழாம் வீடு இலட்சுமிப்பிள்ளையுடையது. அங்கே யசோதினி பேனையைக் கீழே வைத்துவிட்டாள். "மாமி, உங்கட மகன் நிலோஜன்..."

"அவனும் கடலோட போனான் எண்டு எழுது."

"போன வருசம் ஆடி மாசம் வெள்ள வான் வந்து அவன ஏத்தக்குள்ள நானும் ரோட்டில நிண்டனே மாமி!"

"நிண்டாய்தான். நானும்தான் நிண்டன்." இலட்சுமிப்பிள்ளை வாசலை ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "கடல் கிறுகித் திரும்பி வந்து ஏன் என்ட பேர எழுதினாய் எண்டு கேக்காது. இந்தத் தாள் ஆர்ர கைக்கெல்லாம் போகும் எண்டு நீ சொல்லு பாப்பம். எனக்கு இன்னும் ஒருத்தன் இரிக்கான்கா."

யசோதினி பேனையை மறுபடி எடுத்தாள். பதில் சொல்கிறவர் சொன்னதை மாற்றாமல் எழுத வேண்டும் என்பதுதான் கல்லூரியில் படிப்பிக்கிற நல்லரத்தினம் சேரின் முதல் பாடம். எழுதினாள். இப்படி, கடத்தப்பட்டவரைச் சுனாமியில் இறந்தவராக, எட்டு வீட்டில் எழுதினாள். ஒன்பதாவது அவளுடைய சொந்த வீடு. மூர்த்தி அண்ணன், விநாயகமூர்த்தி, இரண்டு வருடத்துக்கு முன் மேசன் வேலைக்குச் சைக்கிளில் போனவர். சைக்கிள் மட்டும் திரும்பி வந்தது. கேள்வியை வாசித்தபோது அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்: "மற்றாக்கள் என்ன சொன்னாங்களோ அதையே போடு மகள்."

அடுத்த சனிக்கிழமை நல்லரத்தினம் சேர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். மேசையில் அவளுடைய தாள்களும், ஆட்கள் ஜீ.எஸ். என்று சொல்லும் கிராம சேவகரின் பட்டியலும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

"பிள்ள, ஜீ.எஸ்.ட கணக்கில அந்த நாப்பது வீட்டிலயும் சுனாமியில செத்தது இருவத்திரெண்டு. உன்ட கணக்கில முப்பத்தொண்டு. ஒன்பது பேர் கூட. வீட்டுக்குப் போகாம மரத்துக்குக் கீழ இருந்து நிரப்பினியா?"

"இல்ல சேர். ஆக்கள் சொன்னதைத்தான் எழுதின."

"சொன்னதா?" அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு தாளை இழுத்தெடுத்தார். "ஏழாம் வீடு. நிலோஜன், வயசு பதினேழு, சுனாமியில மரணம். நல்லது. இருவதாம் கேள்வி, புதிய வீட்டைக் கட்ட உதவியவர் யார்? 'என்ட மகன் நிலோஜன்தான் சீமெந்து குழைச்சி, கல்லடுக்கி, எல்லாம்.' வீடு கட்டினது ரெண்டாயிரத்தி ஆறில. செத்தவன் எப்பிடிப் பிள்ள கல்லடுக்கினான்?"

இருபதாம் கேள்விக்கு இலட்சுமிப்பிள்ளை சொன்ன பதிலை யசோதினிதான் எழுதினாள். மகனுடைய வேலையைப் பற்றிச் சொல்கிற பெருமையில் அந்தத் தாயும் மறந்துபோனாள், எழுதின இவளும் மறந்துபோனாள்.

சேர் தாளைத் திரும்ப வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். பிறகு எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தார்.

"ஒன்பதும் அப்பிடியா?"

"ஓம் சேர்."

"முப்பத்தாறாம் வீடு உன்ட வீடுதானே?"

"ஓம் சேர். என்ட அண்ணன்."

அவர் தாளை மேசையில் வைத்தார். பேசத் தொடங்கியபோது குரலில் கோபம் இல்லை. "பதினாலாம் கேள்விக்குக் கீழ மாத்தி எழுதலாம். அதுதான் உண்மை. ஆனா அறிக்கை அரசாங்கக் கச்சேரிக்கும் போகும், கொழும்புக்கும் போகும், ஒவ்வொரு தாளிலயும் வீட்டு நம்பர் இரிக்கி. மறுகா ஆர் அந்த வீட்டுக் கதவத் தட்டுவான் எண்டு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. இப்பிடியே விட்டா, கணக்குப் பிழை எண்டு உன்னப் பெயில் விடுவாங்க. இல்லாட்டி ஒன்பதையும் வெட்டு."

"வெட்டினா அவங்க எங்க சேர் போற?"

அவர் தாள்களை அடுக்கி அவளிடம் நீட்டினார். "அடுத்த சனிக்கிழமை கொண்டு வா, பிள்ள," என்றார்.

கேட்காமல் வெட்ட அவளுக்கு மனம் வரவில்லை. பெயிலானாலும் பரவாயில்லை, அவர்கள் சொன்னதை அவர்களிடம் கேட்காமல் தொடுவதில்லை என்று தீர்மானித்தாள். திங்கட்கிழமை வேலை முடிந்து வாடிக் குழாயடியில் கை கழுவும்போது இலட்சுமிப்பிள்ளையிடம் விஷயத்தைச் சொன்னாள்.

இலட்சுமிப்பிள்ளை திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தாள். அவளோ இவளுடைய புண் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வெட்டு மகள், வெட்டு! அண்டைக்கு அவன் செத்திட்டான் எண்டு என்ட வாயாலயே சொல்லிப்போட்டுச் சோறு இறங்கல்ல எனக்கு. செத்தாக்கள்ர கணக்கில இருந்து அவன எடு. அவன் வருவான்." சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். வாடிக்குள்ளிருந்து மற்றப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். யசோதினியும் கூட நின்று அழுதாள்.

மற்ற ஏழு வீட்டிலும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார்கள். அம்மா மட்டும் தாளைக் கேட்டு வாங்கி, அண்ணனின் பெயரிருந்த வரியை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

வெட்டின தாள்களைச் சனிக்கிழமை சேரே கூட்டிப் பார்த்தார். சுனாமியில் இறந்தோர் இருபத்திரண்டு. காணாமற்போனோர் பூச்சியம். கணக்கு ஒன்றுக்கொன்று ஒத்துப்போனது. அவர் கையெழுத்தை வைத்துவிட்டு, அவளுடைய முகத்தைப் பார்க்காமல் தாள்களை உறைக்குள் போட்டார்.

மூன்று மாதம் கழித்துச் சான்றிதழ் வழங்கினார்கள். யசோதினிக்கு வேலையும் கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை தொடங்கவேண்டும். ஆய்வு செய்த ஊர்களிலிருந்தும் ஆட்களைக் கூட்டிவரும்படி கல்லூரி பஸ் அனுப்பியிருந்தது. வீட்டுத்திட்டத்திலிருந்து இருபது பேர் நல்ல சேலை உடுத்து வந்து மண்டபத்தின் நடு வரிசைகளில் இருந்தார்கள். அம்மாவும் இலட்சுமிப்பிள்ளையும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில்.

கொழும்பிலிருந்து வந்த பிரதம விருந்தினர் யசோதினியின் அறிக்கையைக் கையில் தூக்கிக் காட்டினார். எல்லாவற்றிலும் சுத்தமான கணக்கு இதுதான் என்றார். பிறகு கடைசிப் பக்கத்தை விரித்து ஒலிவாங்கியில் வாசித்தார்.

"நாற்பது குடும்பங்கள். இத்தனை பெரிய அழிவைக் கண்டவர்கள். ஆனால் அதற்குப் பிறகு இந்த நாற்பது வீட்டிலும் காணாமற்போனவர் ஒருவர்கூட இல்லை. எவ்வளவு ஆறுதலான செய்தி! இவர்களுக்காக ஒருமுறை கைதட்டுங்கள்."

முன்வரிசை தட்டியது. பிறகு மண்டபம் முழுவதும் தட்டியது. மேடை ஓரத்தில் நின்ற யசோதினி நடு வரிசையைப் பார்த்தாள். இலட்சுமிப்பிள்ளை அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா மடியில் கிடந்த கைகளை எடுத்து மெதுவாகத் தட்டத் தொடங்கினாள். இலட்சுமிப்பிள்ளையும் தட்டினாள்.