விலை குறைந்த வெலிங்டன்

உத்திரமேரூர்க் கடைத்தெருவில் சுந்தரவரதன் வெலிங்டன் ரேடியோ விற்றார் என்று சொன்னால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். கன்னிகாதானம் செய்து கொடுத்தார் என்றுதான் சொல்லவேண்டும். நல்ல நாள் பார்த்து, வாங்கியவர் வீட்டு மாடியில் தம் கையாலேயே ஏரியல் கம்பி கட்டி, தேங்காய் உடைத்து, அப்புறம்தான் குமிழைத் திருப்புவார். தெருவே வாய் பிளந்து நிற்கும்.

அறுபத்தாறாம் வருஷம் ஒரு சேட்டு வந்து காரியத்தைக் கெடுத்தான். சைக்கிள் கேரியரில் டிரான்சிஸ்டர்களை அடுக்கிக்கொண்டு வந்து கத்தரிக்காய் மாதிரி விற்றான். மாதா மாதம் விலை வேறு இறங்கியது. ஏரியல் வேண்டாம், கரண்ட் வேண்டாம், தேங்காயும் வேண்டாம். அந்த வருஷம் முழுக்க வெலிங்டன் ஒன்றே ஒன்றுதான் போயிற்று. தை முடிவதற்குள் இன்னொன்றாவது விற்காவிட்டால் ஏஜென்சி கிடையாது என்று கம்பெனி கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

மிச்சமிருந்த நம்பிக்கை காவாந்தண்டலம் பச்சமுத்துதான். நிலபுலன் உள்ளவர், மகள் சுலோச்சனாவைத் தாமல் கிராமத்தில் கொடுக்கிறார். சீரோடு வெலிங்டனும் வரும் என்று நிச்சயதார்த்தத்தில் நாலு பேர் காதுபட அறிவித்திருந்தார். அந்தப் பச்சமுத்துவே தோளில் டிரான்சிஸ்டர் தொங்க வரப்பில் நடக்கிறார் என்று கேள்விப்பட்டதும் சுந்தரவரதன் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

"ஊரே குறைக்கறது. நீங்களும் குறைச்சாத்தான் என்ன? கிரீடமா இறங்கிடும்?" என்றாள் மனைவி ஜலஜா.

நூறு ரூபாய் தள்ளுபடி என்று எழுதி வாசலில் மாட்டினார். மறுநாளே பச்சமுத்து வந்தார். போர்டைப் படித்தார். படியேறவில்லை.

"இன்னா சாமி இது?"

"உங்களுக்காகத்தான். அதே பெட்டி, அதே சத்தம்."

"சத்தத்துக்கா சாமி துட்டு? சத்தம் இதுலயுந்தான் வருது." தோளில் தொங்கியதைத் தட்டிக் காட்டினார். "தள்ளுபடி சாமானைத் தூக்கிக்கினு போனா சம்பந்தி வூட்ல என்னை மதிப்பாங்களா?"

"போர்டைக் கழட்டிடறேன். பழைய விலையே குடுங்கோ."

"ஊரே பாத்துட்ச்சே சாமி."

காஞ்சிபுரம் போய் முழு விலை கொடுத்து அதே வெலிங்டனை வாங்கி வந்தார் மனுஷன். தை போயிற்று, ஏஜென்சியும் போயிற்று. அதற்கு மேல் ஒரு கூத்து. தாமலில் ஏரியல் கட்டத் தெரிந்தவர் இல்லையாம். பச்சமுத்து ஆள் அனுப்பினார்.

"வெட்கமில்லாமப் போறேளா?" என்றாள் ஜலஜா.

போனார். மூங்கில் நட்டு, ஏரியல் கட்டி, தேங்காயும் உடைத்தார். சம்பந்தி மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"இது உங்க கடையில நூறு ரூபா கம்மியாமே?"

பச்சமுத்துவின் முகம் சுண்டிப்போயிற்று. கதவோரம் நின்ற சுலோச்சனா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அது பழைய பெட்டி. வண்டு துளைச்சது," என்றார் சுந்தரவரதன். "இது உசத்தி."

வெலிங்டனைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் இகழ்ச்சி அதுதான்.

திரும்பும்போது இருவரும் ஒரே பஸ்ஸில் வந்தார்கள். பச்சமுத்துவின் மடியில் டிரான்சிஸ்டர் கரகரத்துக்கொண்டிருந்தது.

"இதெல்லாம் எத்தனை நாள் உழைக்கும்? வெலிங்டன் இருபது வருஷம் அசையாது."

"கெட்டா வேற வாங்கிக்கினு போறது சாமி. அதுக்குள்ள வெலை இன்னும் எறங்கிடும்."

பாலாறு தாண்டியதும் டிரான்சிஸ்டர் முனகி அடங்கியது.

"பாட்டரிக் கட்டை தீந்துட்ச்சு," என்றார் பச்சமுத்து. "டார்ச்சுக் கட்டை எங்கேயும் கெடைக்குது. இந்தச் சின்னக் கட்டைக்குக் காஞ்சிபுரம் ஓடணும். பெரிய பேஜாரு."

சுந்தரவரதன் ஜன்னலுக்கு வெளியே வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். வரப்புக்கு வரப்பு யார் தோளிலாவது ஒரு டிரான்சிஸ்டர் தொங்கியது.

"ஒரு டிரான்சிஸ்டருக்கு எத்தனை கட்டை போடணும்?" என்று கேட்டார்.