மூன்று வருஷக் கையெழுத்து

முத்துக்கருப்பன் கோவாவில் ஒரு பெரிய கிளப்போடு மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்ட செய்தி 2008 ஜூலையில் கம்பத்துக்கு வந்தது. மறுநாளே மெயின் ரோட்டில் இரண்டு பேனர்கள் ஏறிவிட்டன. ஒன்றில் அவன் பந்தை உதைத்துக்கொண்டிருந்தான். இன்னொன்றில், கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டி எடுத்த படத்தில், பட்டு வேட்டி கட்டிக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். பந்து உதைத்தே ஒருவன் கார் வாங்க முடியும் என்பதை நம்ப ஊருக்குச் சில நாள் பிடித்தது. நம்பிய பிறகு சந்தோஷம் தாங்கவில்லை.

அதற்கு முன்னால் நான்கு வருஷம் அவன் கொச்சியில் ஒரு சின்ன கிளப்பில் ஆடினான். ஐந்து பேருக்கு ஓர் அறை. சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்று மேனேஜருக்கே தெரியாது. அடுத்த ஆட்டத்தில் இடம் உண்டா என்பதும் தெரியாது. அப்படியிருந்தும் கடைசி சீசனில் பன்னிரண்டு கோல் போட்டான். எதிரணி ஆள் காலை ஓங்கும் இடத்தில் இவன் யோசிக்காமல் தலையை நுழைப்பான். அந்தத் துணிச்சலைப் பார்த்துத்தான் கோவாக்காரர்கள் அவனைத் தேடி வந்தார்கள்.

கோவாவில் கடல் தெரியும் ஃபிளாட் கொடுத்தார்கள். துணி துவைக்க ஆள், கால் பிடித்துவிட ஆள், சாப்பாட்டைத் தீர்மானிக்க ஓர் ஆள். செப்டம்பரில் சீசன் தொடங்கியது. ஜனவரி வரை முத்துக்கருப்பன் போட்டது ஒரே ஒரு கோல். அதுவும் பெனால்டி.

காசு வந்ததும் வயிறு நிறைந்துவிட்டது என்று அங்கே ஒரு பத்திரிகை எழுதியது. அதை அவனுக்குப் படித்துக் காட்டியவனும் கூட ஆடுகிறவன்தான். உண்மையில் அவன் முன்னைவிட அதிகமாகப் பயிற்சி செய்தான். எல்லோரும் போன பிறகும் தனியாக நின்று கோல் கம்பத்தைப் பார்த்து அடித்துக்கொண்டிருப்பான். பயிற்சியில் எல்லாம் உள்ளே போகும். ஆட்டத்தில் ஒன்றும் போகாது.

ஊரிலிருந்து வரும் போன்கள் வேறு. மாமியார் மாயக்காள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவார். "மாப்ள, பந்து போனாப் போகுது. காலைப் பத்திரமா பாத்துக்கங்க. மூணு வருசம் இருக்குல்ல!" அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அடுத்த ஆட்டத்தில் எதிரணிக்காரன் சறுக்கிக்கொண்டு வரும்போது அந்தக் குரல் காதில் கேட்கும். கால் தானாகப் பின்வாங்கும்.

பொங்கலுக்கு லீக்கில் ஒரு வாரம் இடைவெளி வந்தது. கோச் அவனைக் கூப்பிட்டு, "ஊருக்குப் போ. பந்தைத் தொடாதே. திரும்பி வந்ததும் பேசுவோம்" என்றார். அந்தப் பேச்சு என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே ரயிலில் எர்ணாகுளம் வந்து, ராத்திரி பஸ் ஏறி, விடிவதற்குள் குமுளி மலையிறங்கி வீடு வந்து சேர்ந்தான்.

அவன் மனைவி நதியா கம்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். கதவைத் திறந்தவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையை வாங்கிக்கொண்டாள். "மொதல்ல குளிச்சிட்டு வாங்க. சாயங்காலம் உங்களை மேடையில உக்கார வைக்கப் போறாகளாம்" என்றாள்.

"எந்த மேடை?"

"பொங்கல் டோர்னமெண்ட் பைனல். கம்பத்துக்கும் பெரியகுளத்துக்கும். நீங்கதான் சீஃப் கெஸ்ட். எங்க விஷாலும் ஆடுறான்."

விஷால் அவள் தம்பி. கம்பம் அணியின் பின்களத்தில் ஆடுபவன்.

சாயங்காலம் மைதானத்துக்குப் போனால் மேடையைச் சுற்றி ஒரே சத்தம். அன்று காலை ஆறு மணியிலிருந்து கேரளாவில் ஹர்த்தால், முழு அடைப்பு. கட்டப்பனையிலிருந்து வரவேண்டிய ரெஃப்ரி பஸ் இல்லாமல் அங்கேயே நின்றுவிட்டார். மைதானம் நிறைய ஜனம். ஆட்டத்தைத் தள்ளிப்போட முடியாது.

பெரியகுளம் அணியின் கோச் கிறிஸ்டோபர் மேடைக்கு ஏறி வந்தான். முத்துக்கருப்பனும் அவனும் மாவட்ட அணியில் ஒன்றாக முன்களத்தில் ஆடியவர்கள். இப்போது கிறிஸ்டோபர் பெரியகுளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர்.

"மாப்ள, நீ விசிலைப் புடி."

"ஏலே, வெளாடுறியா? வெளி மேட்ச் எதுலயும் எறங்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே இருக்கு. கோச் பந்தையே தொடாதேன்னு சொல்லி அனுப்பியிருக்காரு."

"ரெஃப்ரி எங்கடா பந்தைத் தொடுறான்?"

கமிட்டிக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். பெரியகுளம் பக்கம் மட்டும் யாரோ, "கம்பத்து ஆளு, கம்பத்துக்குத்தானய்யா ஊதுவான்" என்று கத்தினார்கள். கிறிஸ்டோபர் திரும்பி, "எனக்குச் சம்மதம். உங்களுக்கென்ன?" என்றான். யாரோ கறுப்புச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார்கள். அது முத்துக்கருப்பனுக்கு ஒரு சுற்றுப் பெரிது.

ஊதி ஆட்டத்தைத் தொடங்கிவைத்தான். முதல் சில நிமிஷம் பந்து தன் பக்கம் வரும்போதெல்லாம் கால் பரபரத்தது. தள்ளித் தள்ளி நின்றான். பிறகு ஓடத் தொடங்கினான். பந்து இப்போது இருக்கும் இடத்துக்கு ஓடினால் ரெஃப்ரிக்குப் பிரயோஜனமில்லை. அடுத்து அது எங்கே போகும் என்று பார்த்து ஓடவேண்டும். பெரியகுளத்துப் பையன் இடது பக்கம் தள்ளுவான் என்று இவன் நினைத்த மாத்திரத்தில் அவன் தள்ளினான். வலது ஓரம் காலியாகக் கிடப்பது தெரிந்தது. "அங்கன குடுடா" என்று வாய் வரை வந்ததை அடக்கிக்கொண்டான். அந்தப் புழுதிக்குள் கோல் போடும் கடமை இல்லாத ஒரே ஆள் அவன்தான். இடைவேளையில் உடம்பு தெப்பமாக நனைந்திருந்தது. ஒரு சொம்புத் தண்ணீரைத் தலையில் கொட்டிக்கொண்டு, காரணம் தெரியாமல் சிரித்தான்.

ஆட்டம் முடியப்போகும் நேரம். ஆளுக்கொரு கோல். பெரியகுளத்துக்காரன் அடித்த பந்து கோலுக்குள் போகிற போக்கில் விஷாலின் கையில் பட்டது. பட்டது என்று சொல்வதற்கில்லை. விஷால் கையை நீட்டித் தட்டினான். முத்துக்கருப்பன் பக்கத்திலேயே நின்றான். விசில் ஊதிப் பெனால்டி இடத்தைக் காட்டினான்.

மைதானம் வெடித்தது.

"மாமா! நான்தான் மாமா!" என்று விஷால் ஓடிவந்தான்.

"அதான்டா பாத்தேன். வெளிய போ" என்று சிவப்பு அட்டையைத் தூக்கினான் முத்துக்கருப்பன்.

பெரியகுளம் ஜெயித்தது. மேடையில் இருந்த மாலையை அவனுக்குப் போடுவதா வேண்டாமா என்று கமிட்டிக்காரர்கள் கூடிப் பேசினார்கள். கடைசியில் போட்டார்கள். ஆனால் ஒருவரும் கை தட்டவில்லை. அவனுக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை.

கூட்டம் கலைந்ததும் கிறிஸ்டோபரும் அவனும் கோல் கம்பத்தடியில் உட்கார்ந்து கரும்பு கடித்தார்கள்.

"மாப்ள, இன்னைக்கு நீ ஓடுன மாதிரி டிவியில நான் ஒருநாளும் பாக்கலையே. அங்க என்னதான் ஆச்சு?" என்று கேட்டான் கிறிஸ்டோபர்.

முத்துக்கருப்பன் சக்கையைத் துப்பினான். "பந்து வருதுடா. வந்ததும், இத உள்ள போட்டாத்தான் நமக்குக் குடுக்குற சம்பளம் நியாயம்னு தோணுது. எவன் தடுக்க ஆளில்லாம நிக்கிறான்னு பாக்க மாட்டேங்கிறேன். நானே அடிக்கிறேன். வெளிய போகுது. அடுத்த பந்துக்கு இன்னும் பயம்."

"கொச்சியில பயம் இல்லையா?"

"அங்க எழக்க என்ன இருந்துச்சு? கோவாவுல ஆளு மேல வந்தா, மூணு வருசத்துக்கு முழங்கால் வேணுமேன்னு ஒதுங்கிடுறேன். சோம்பேறின்னு எழுதுறாக. சோம்பேறியா இருந்தாக்கூடப் பரவாயில்ல. நிம்மதியாத் தூங்கியிருப்பேன்."

"இத உங்க கோச்சுகிட்ட சொன்னியா?"

"வாங்குற சம்பளத்துக்கு எப்படிடா சொல்றது?"

"என்கிட்ட சொன்ன மாதிரிதான். கரும்பு மட்டும் இருக்காது."

அன்று இரவு மாயக்காள் மாப்பிள்ளைக்கு இட்லி வைத்தார். சட்னியை நதியாதான் எடுத்து வைக்கவேண்டியிருந்தது. விஷால் அவனோடு பேசியது மறுநாள் மத்தியானம்தான்.

கோவா திரும்பியதும் கோச் அறைக்குப் போய், கிறிஸ்டோபரிடம் சொன்னதைத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அப்படியே சொன்னான். கோச் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உனக்குப் போதும் என்று ஆகிவிட்டது என நினைத்தேன். உன்னை வேறு கிளப்புக்கு அனுப்பத்தான் கூப்பிட இருந்தேன்" என்றார். "சரி. உன்னை எங்கே ஆட விடட்டும்?"

"முன்களத்துக்குப் பின்னால. கோல் எமேகா போடட்டும். நான் பந்து எடுத்துக் குடுக்கறேன்."

எமேகா நைஜீரியாவிலிருந்து வந்தவன். அதுவரை முத்துக்கருப்பனிடமிருந்து ஒரு நல்ல பந்துகூட வராததால் அவனோடு பேசுவதையே நிறுத்தியிருந்தான்.

முதல் இரண்டு ஆட்டங்களில் முத்துக்கருப்பன் பெஞ்சில் உட்கார்ந்தான். மூன்றாவதில் இரண்டாம் பாதியில் இறங்கினான். ரெஃப்ரியாக ஓடியது போலவே, பந்து போகப்போகும் இடத்துக்கு ஓடினான். அவன் தள்ளிய பந்தில் எமேகா கோல் போட்டுவிட்டு ஓடிவந்து அவனைத் தூக்கிச் சுற்றினான். அந்த மாதத்தில் எமேகா இன்னும் மூன்று போட்டான். கோச் பிறகு முத்துக்கருப்பனைப் பெஞ்சுக்கு அனுப்பவேயில்லை.

மார்ச்சில் ஒரு கல்கத்தா அணியோடு ஆட்டம். டிவியில் காட்டினார்கள். கம்பத்தில் நதியா வீட்டில் தெருவே கூடியிருந்தது. கடைசி நேரத்தில் எமேகா அடித்த பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. எதிரணி ஆள் அதை வெளியே உதைக்கக் காலை ஓங்கினான். முத்துக்கருப்பன் எதையும் நினைக்கவில்லை. தலையைத் தாழ்த்திப் பாய்ந்தான். பந்து உள்ளே போனது. அவன் புல்லில் முகம் குப்புற விழுந்தான். மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகியது. அரங்கம் முழுக்க அவன் பெயரைக் கத்தியது.

உடை மாற்றும் அறையில் மூக்கில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. நதியா. பின்னால் பத்துப் பேர் சண்டை போடும் சத்தம்.

"என்னங்க, பந்து கம்பத்துல பட்டுச்சு, அந்த நேரம் பாத்துக் கரண்டு போயிருச்சு! கோல்னு மட்டும் பக்கத்து ஊர்லேர்ந்து போன் வந்துச்சு. அம்மா நீங்கதான் போட்டீகன்னு சொல்றாக, விஷால் எமேகாதான்னு அடிச்சுச் சொல்றான். யாரு போட்டது?"

முத்துக்கருப்பன் எதிரே பார்த்தான். எமேகா ஒரு காலில் பூட்ஸும் மறுகாலில் ஒன்றுமில்லாமலும் அறை நடுவே ஆடிக்கொண்டிருந்தான்.

"நம்ம டீம் ஜெயிச்சிருச்சு. கரண்டு வந்ததும் செய்தியில பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, அவனோடு ஆட எழுந்து போனான்.