ஆயில் ஊற்றாத வண்டி

ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டு வாசலில் மனைவியின் காரை ஜாக்கி வைத்துத் தூக்கினான் அவன். பேருந்துப் பணிமனையில் பதினெட்டு வருடமாகக் கியர்பாக்ஸ் பிரிக்கிறவன். கூட வேலை செய்பவர்கள் அவனைக் ‘கியர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கார் வளைவில் திரும்பும்போதெல்லாம் இடது முன்சக்கரத்திலிருந்து டக் டக்கென்று சத்தம் வந்துகொண்டிருந்தது. கியர்பாக்ஸிலிருந்து அந்தச் சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சில் தேய்ந்துவிட்டது. மாற்றிக் கொடுத்தால் மத்தியானம் அவள் வேறு ஊருக்குக் கிளம்பிவிடுவாள். ஐந்து மணி நேரப் பயணம். அங்கே இருக்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு அவளே மாற்றல் கேட்டு வாங்கியிருந்தாள். எப்போது திரும்பி வருவாள் என்று அவளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

சண்டை என்று எதுவுமில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை. போன வருடம் அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தபோது அவள் மூன்று தடவை போன் செய்தாள். அவன் ஒரு கியர்பாக்ஸைப் பிரித்துப் போட்டிருந்தான். “இதை மாட்டிட்டு வந்துடறேன்” என்றான் மூன்று தடவையும். மாட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் முகத்தை மூடியிருந்தார்கள். அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கப்புறம் வீட்டில் பேச்சு என்பது உப்பு போதுமா, கதவைச் சாத்தியாச்சா என்பதோடு நின்றுபோனது.

உதவிக்கு வந்திருந்தவர் அவளுடைய அண்ணன். தையற்காரர். ஊசியில் நூல் கோக்கிற கைக்கு ஸ்பானர் பிடிபடவில்லை. சக்கரத்தைக் கழற்றி வைத்ததும் கையைத் தேய்த்துக்கொண்டு குனிந்தார்.

“எதைப் புடிச்சு இழுக்கணும், சொல்லுங்க மாப்பிள்ளை.”

“அவசரப்படாதீங்க மச்சான். முதல்ல கியர் ஆயிலை வடிக்கணும். இப்ப ஆக்சிலை உருவினா மொத்தமும் உங்க மேலதான் கொட்டும்.”

“ஐயோ, உருப்படியா இருக்கறதே இந்த ஒரு சட்டைதான். ஊருக்கெல்லாம் தைக்கறவன் நான்.”

அவன் சிரித்தான். ஆயில் ஊற்றும் போல்ட் திறக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டான். அது இறுகிப்போயிருந்தால், வடித்த பிறகு திரும்ப ஊற்ற வழியில்லாமல் முழிக்க வேண்டியதுதான். அப்புறம் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு அடியிலிருந்த போல்ட்டைத் திருகினான். கறுத்த எண்ணெய் குபுகுபுவென்று இறங்கி, மெலிந்து, கடைசியில் சொட்டத் தொடங்கியது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து அது நிற்பதற்காகக் காத்திருந்தார்கள்.

“அம்மாவுக்கு அன்னைக்கு நினைவே இல்ல மாப்பிள்ளை” என்றார் மச்சான் திடீரென்று. “நீங்க வந்து நின்னிருந்தாலும் தெரிஞ்சிருக்காது.”

“அவளுக்குத் தெரிஞ்சிருக்குமே.”

மச்சான் தட்டில் விழும் சொட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடப்பாரையால் நெம்பியதும் பழைய ஆக்சில் வெளியே வந்தது. எண்ணெய் கசியாதபடி புது ஆயில் சீலைத் தட்டி உட்கார வைத்து, புது ஆக்சிலைச் செருகினான். உள்ளே வளையம் ‘டிக்’கென்று கவ்விக்கொண்டது. அடியிலிருந்த போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு முறுக்கினான். சக்கரத்தை மாட்டி வண்டியை இறக்கியதும் மச்சான் கைகழுவ உள்ளே போனார்.

ஆயில் ஊற்றுவது ஒன்றுதான் பாக்கி. டப்பாவைக் கையில் எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான். வெளியிலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது. கொஞ்ச தூரம் ஓடும். அப்புறம் உள்ளே பல்லோடு பல் உரசி, சூடேறி, கியர் பிடித்துக்கொள்ளும். அவள் நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்பாள். அவனுக்குத்தான் போன் செய்வாள். இந்தத் தடவை முதல் மணியிலேயே எடுப்பான், கையிலிருப்பதைப் போட்டது போட்டபடி ஓடுவான். நினைக்க நினைக்க நெஞ்சு இனித்தது. சீறிப் பாயும் லாரிகளுக்கு நடுவே கியர் இறுகிய வண்டிக்குள் அவள் உட்கார்ந்திருப்பது அதற்கப்புறம்தான் கண்ணில் பட்டது.

சாவியோடு அவள் வெளியே வந்தாள். “முடிஞ்சுதா?”

முடிந்தது என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. “இல்ல” என்றான். “இன்னும் ஆயில் ஊத்தல. இப்படியே எடுத்தா பாதி வழியில நின்னுடும்.”

“தெரிஞ்சும் ஏன் சும்மா நிக்கறீங்க?”

“கொஞ்ச நேரம் நிக்கலாம்னுதான்.”

அவள் அவனையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். வாசற்படியில் உட்கார்ந்தாள். அவன் குழாய் செருகிப் புனல் வைத்து, துளையின் விளிம்பில் எண்ணெய் கசியும்வரை நிதானமாக ஊற்றினான். போல்ட்டை முறுக்கிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் சொன்னான்:

“அன்னைக்கு அப்படியே போட்டுட்டு வந்திருக்கணும்.”



“ஆமா” என்றாள். “இதை ஒரு வருஷம் முன்னாடி சொல்லியிருக்கலாம். காத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

சத்தமில்லாமல் அழுதாள். எண்ணெய்க் கையோடு பக்கத்தில் போவதா வேண்டாமா என்று தெரியாமல் அவன் நின்றான். அதற்குள் அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து பெட்டிகளை ஏற்றினாள்.

“கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி, அடியில ஒழுகுதான்னு பாரு.”

“சரிங்க.”

வண்டி தெருமுனையில் திரும்பி மறைந்தது. மச்சான் அவன் தோளில் கை வைத்தார். “உள்ள வாங்க மாப்பிள்ளை, சாப்பிடலாம். ரெண்டு பேருக்கும் வச்சுட்டுப் போயிருக்கா.” மச்சான் சாப்பிட்டார். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

சாயங்காலம் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாக அண்ணனுக்குப் போன் செய்தாள். “மாப்பிள்ளைகிட்ட குடுக்கவாம்மா?” என்றார் அவர். நாளைக்குப் பேசுகிறாளாம்.

மறுநாள் பேசவில்லை. நான்காம் நாள்தான் பேசினாள். கம்பளிப் போர்வையை மறந்துவிட்டுப் போய்விட்டாள், அண்ணனிடம் கொடுத்தனுப்பினால் போதும் என்றாள்.

“நானே கொண்டு வரட்டுமா? லீவு சொல்லிட்டு வர்றேன்.”

“வேண்டாங்க” என்றாள். குரலில் கோபம் துளியும் இல்லை. இருந்திருந்தால் இன்னும் இரண்டு வார்த்தை கெஞ்சியிருப்பான். போனை வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து போர்வையை எடுத்து, கசங்காமல் மடிக்கத் தொடங்கினான்.