கிளட்ச் டீச்சரின் இடது கால்

மின்சாரக் கார் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலையில், கிளட்ச் டீச்சரின் இடது கால் தரையில் படுவதை நிறுத்திக்கொண்டது. அன்று செவ்வாய்க்கிழமை, தக்காளி விலை கொஞ்சம் இறங்கியிருந்தது. பல் தேய்க்கப் போனவர் வலது காலை ஊன்றி இடது காலை எடுத்துவைத்தார். அது தரைக்கு நாலு விரல் மேலேயே நின்றுவிட்டது. அழுத்திப் பார்த்தார், அசையவில்லை. வலி இல்லை, வீக்கம் இல்லை. ஒரு பக்கம் மட்டும் மாடிப்படி ஏறுகிறவர் மாதிரி நடக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

சும்மா கிடந்த கால் அல்ல அது. இருபத்தாறு வருடமாக டீச்சர் டிரைவிங் ஸ்கூல் நடத்திவந்தார். ஊரில் ஸ்டீயரிங் பிடிக்கத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் அவரிடம் கற்றவர்கள். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குப் பக்கத்து சீட்டில் அவர் உட்கார்ந்திருப்பார், அவர் பக்கத்திலும் தனியாக ஒரு கிளட்ச்சும் ஒரு பிரேக்கும் இருக்கும். பயந்துபோனவர்கள் கையையும் காலையும் எங்கெங்கோ வைக்கும்போது, வலது கால் பிரேக்கைத் தேடுவதற்கு முன்பே இடது கால் முந்திக்கொண்டு கிளட்ச்சை மிதித்து எஞ்சினின் வாயை அடைத்துவிடும். இரண்டு பால் வண்டிகள், பள்ளிக்கூட மதில், சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு நீதிபதி எல்லாம் அந்தக் காலால் பிழைத்தவர்கள்.

அந்த வருடம் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர்கள் வருடம் முடிவதற்குள் ஒரு மின்சாரக் கார் வாங்கி, அதில் பிரேக் இன்ஸ்பெக்டரை உட்காரவைத்து ஓட்டிக்காட்டித் தேற வேண்டும், தேறாதவர்கள் போர்டைக் கழற்றிவிட வேண்டும் என்று அதில் இருந்தது. டீச்சருக்கு வேறு தொழில் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. அதனால் வாங்கினார். தெருவே சந்தேகங்களோடு திரண்டு வந்தது. மழையில் நனைந்தால் ஷாக் அடிக்குமா, எட்டு வருடத்தில் பேட்டரி செத்தால் அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது, கரண்ட் போனால் கார் வீட்டிலேயே படுத்துக்கொள்ளுமா என்று ஆளுக்கொன்று கேட்டார்கள். பதிலுக்குக் காத்திருக்காமல் டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

எல்லோரையும்விட அதிகம் சந்தேகப்பட்டவர் அவருடைய கணவர். பெட்ரோல் பங்கில் இரண்டாம் நம்பர் பம்ப் அவருடையது. டீச்சர் எங்கே கிளம்பினாலும் வாசல்வரை வந்து, "போய்ச் சேருமா?" என்று கேட்பார். "நான் நடந்துதாங்க போறேன், முக்குக் கடைக்கு" என்று டீச்சர் சொன்னாலும் முகம் தெளியாது. உண்மையில் பேட்டரி அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. இருபத்தாறு வருடமாக டீச்சர் தினமும் காலையில் அந்தப் பம்ப்புக்கு வந்துதான் பெட்ரோல் போடுவார். இருவரும் பழகியது அங்கே, கட்டிக்கொள்ளலாமா என்று அவர் டீச்சரிடம் கேட்டது அங்கே. மகள் பிறக்கப்போகிறாள் என்று டீச்சர் சொன்னதும் அங்கேதான், அன்று டேங்க் நிரம்பி வழிந்தது கூட அவருக்குத் தெரியவில்லை. இனிமேல் டீச்சர் அங்கே வரமாட்டார் என்பதுதான் அவருடைய துக்கம். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு பேட்டரியைத் திட்டினார்.

தப்பு நடந்தது முதல் நாளிலேயே. மின்சாரக் காரில் கிளட்ச் கிடையாது. தெருமுனையில் திரும்பும்போது, பழகிப்போன இடது கால் பிரேக்கைக் கிளட்ச் என்று நினைத்து முழு பலத்தோடு மிதித்துவிட்டது. கார் நட்ட கல்லாக நின்றது. வேடிக்கைக்காகப் பின்சீட்டில் ஏறியிருந்த பக்கத்து வீட்டு டெய்லர் முன்சீட்டுக்கு வந்து சேர்ந்தார். மறுநாளும் நாலு தடவை அதே கதை. ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுத்தவருக்கு மானம் போயிற்று. வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் குனிந்து, "இனிமே உனக்கு இங்க ஒரு வேலையும் இல்ல. எதையும் மிதிக்காம சும்மா கெட!" என்று காலைப் பார்த்துக் கத்தினார். அத்தனை வருடத்தில் அதை அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. கால் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டது. மறுநாள் முதல் தரையைக்கூட மிதிக்கவில்லை.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் குறை ஒன்றுமில்லை, ரோஷம்தான் கொஞ்சம் அதிகம் என்றார். செருப்புக் கடைக்காரர் நாலு விரல் தடிமனில் அடி வைத்துத் தைத்துக்கொடுத்தார். அதைப் போட்டதும் கால் இன்னும் நாலு விரல் மேலே போயிற்று. கணவர் ஒரு செங்கல்லைக் கட்டிப் பார்த்தார். செங்கல்லும் சேர்ந்து மிதந்தது, முடிச்சை அவிழ்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. விஷயம் ஊருக்குள் பரவி, மின்சாரக் காருக்குப் பதிவு செய்திருந்த ஒன்பது பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கால் தரையில் நிற்காமல் போகும் என்பது அதுவரை யாருக்கும் தோன்றாத சந்தேகம். அது கிடைத்ததில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. டீச்சருக்குத்தான் தூக்கம் போயிற்று. சோதனை ஓட்டத்தில் ஓட்டுபவரின் இரண்டு பாதங்களும் தரைவிரிப்பில் பதிந்திருக்க வேண்டும் என்று விதிப் புத்தகத்தின் பதினான்காம் பக்கத்தில் இருந்தது. அதைப் படித்த அன்று சமையலறையில் நின்றபடி அழுதார்.

சோதனைக்கு வந்த பிரேக் இன்ஸ்பெக்டர் பதினைந்து வருடத்துக்கு முன்னால் அவரிடம் கற்றவர். பள்ளிக்கூட மதிலை இடிக்கப் பார்த்தது அவர்தான். தம்பி என்பதா சார் என்பதா என்று டீச்சர் தடுமாறினார். அவரோ ஏறி உட்கார்ந்ததும் காலைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், பேனாவை மூடிவைத்தார். "என்ன டீச்சர் இது? நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?" என்று வருத்தப்பட்டார். சரி, வண்டியையாவது பார்ப்போம் என்று ஏசி, விளக்கு, வைப்பர் எல்லாவற்றையும் போடச் சொல்லி, ஊருக்கு வெளியே மேட்டுச் சாலைக்குப் போகச் சொன்னார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவர் சொல்லச்சொல்ல டீச்சரும் மறுக்காமல் ஓட்டினார். திரையில் சார்ஜ் இறங்கிக்கொண்டே வந்தது. கூடவே காலும் இறங்கியது. பாதி சார்ஜில் இரண்டு விரல், கால் பங்கில் ஒரு விரல். வீட்டில் கணவர் பயத்தில் தினமும் முழுச் சார்ஜ் ஏற்றிவைத்ததால் இது அதுவரை யாருக்கும் தெரியவில்லை.

திரும்பும் வழியில், ஊர் வந்துசேரப் பதினோரு கிலோமீட்டர் இருக்கும்போது திரை அணைந்தது. பின்னால் மணல் லாரி வந்துகொண்டிருந்தது. ஏற்றத்தில் கார் பின்னோக்கி நகரத் தொடங்கியது, பிரேக்கும் பிடிக்கவில்லை. டீச்சருக்குப் போர்டு ஞாபகம் வந்தது, பக்கத்தில் இருப்பவரின் இரண்டு சின்னப் பிள்ளைகள் ஞாபகம் வந்தது. "அன்னைக்குப் பேசினது என் தப்புதான். நீ இல்லாம எனக்கு முடியாது. கொஞ்சம் பாத்துக்கோ" என்று காலிடம் சொன்னார். மனப்பூர்வமாகத்தான் சொன்னார். கால் இறங்கித் தரைவிரிப்பில் முழுசாகப் பதிந்தது. பிறகு பிரேக்குக்கு இடப்பக்கம், ஒன்றுமே இல்லாத இடத்தில், அழுத்தி மிதித்தது. கடக் என்று கியர் விழும் சத்தம் கேட்டது. மெதுவாக விட்டது. கார் ஒரு குலுக்குக் குலுக்கி, மேடேறி, லாரியைப் பின்னால் விட்டுவிட்டு, இரண்டாம் கியரிலும் மூன்றாம் கியரிலுமாக ஊர் வந்து சேர்ந்தது. வழியெல்லாம் லேசாகப் பெட்ரோல் வாசனை அடித்தது. இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்து, "இரண்டு பாதங்களும் தரையில் உள்ளன. சார்ஜ் தீர்ந்த பின் ஓடிய தூரம் பதினோரு கிலோமீட்டர்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். படிவத்தின் பின்பக்கத்தில், குறைகளுக்கான இடத்தில், எழுத வேண்டியது எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

சார்ஜ் ஏற்றியதும் கால் பழையபடி மேலே போயிற்று. போர்டு அங்கேயே இருந்தது. அடுத்த நாலைந்து வருடத்தில் தெருவில் முக்கால்வாசிப்பேர் மின்சாரக் காருக்கு மாறிவிட்டார்கள். கிளட்ச் மிதித்துப் பழகியவர்கள் எல்லோருக்கும் இடது கால் ஒரு விரலோ இரண்டு விரலோ தூக்கிக்கொண்டது. செருப்புக் கடைக்காரர் இடது செருப்பு தேய்வதே இல்லை என்று வலது செருப்பைத் தனியாக விற்க ஆரம்பித்தார். டெய்லர் பேண்ட்டுக்கு அளவெடுக்கும்போது, "சார்ஜ் எவ்வளவு இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் இடது காலுக்கு டேப்பைப் பிடிப்பார்.

பெட்ரோல் பங்கில் இரண்டாம் நம்பர் பம்ப்பை எடுத்துவிட்டார்கள். கணவரை டயருக்குக் காற்று அடிக்கும் இடத்தில் போட்டார்கள். மின்சாரக் காருக்கும் காற்று வேண்டும் என்பது அதற்கு முன் அவருக்குத் தோன்றவே இல்லை. டீச்சர் தினமும் காலையில் அங்கே போய் நிற்பார். டயர் நான்கிலும் காற்று சரியாகவே இருக்கும், அது இருவருக்கும் தெரியும். கணவர் நான்கையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, காரின் கதவைத் திறந்து, டீச்சரின் இடது பாதத்துக்கும் தரைவிரிப்புக்கும் நடுவில் கையை நுழைத்து அளந்து பார்ப்பார்.

"நாலு விரல் இருக்கு. போயிட்டு வா."