ஆணியில் தொங்கிய சாவி

நிர்மலா நான்காவது முறையாகச் சாவியைத் திருகினாள். இன்ஜின் உறுமிப் பிடித்தது. இரண்டு நொடிதான், அப்படியே அணைந்துபோனது. மீட்டருக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு சாவிப் படம் படபடவென்று மின்னியது. அது எதற்கென்று அவளுக்குத் தெரியாது.

பின் சீட்டில் அவளுடைய நைனா சுந்தரமூர்த்தி, அம்மாவின் மடியில் சரிந்து கிடந்தார். விடிகாலையில் திருத்தணி மார்க்கெட்டில் கத்திரிக்காய் மூட்டைகளை இறக்கிவிட்டுத் தானே காரை ஓட்டி வந்தவர். சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சாய்ந்தார். அரைமணி கழித்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அரக்கோணத்தில் வாழ்க்கைப்பட்ட நிர்மலா அந்த வாரம் வீட்டில் இருந்தது நல்லதாயிற்று என்றுதான் முதலில் தோன்றியது. அவளுக்குக் கார் ஓட்ட வரும். ஆம்புலன்சுக்குச் சொல்லிக் காத்திருப்பானேன், கார்தான் வாசலிலேயே நிற்கிறதே என்று கதவோரத்து ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"இன்னாடி ஆச்சி?" என்றாள் அம்மா கெங்கம்மாள்.

"தெரிலமா. புடிக்குது, நின்னுபோவுது."

"பெட்ரோலு கீதா?"

"அர டேங்க் இருக்குது."

இறங்கி ஓடி பானட்டைத் திறந்தாள். பேட்டரி ஒயர்களைப் பிடித்து ஆட்டினாள். திரும்பி வந்து மறுபடி திருகினாள். அதே உறுமல், அதே அணைப்பு.

நைனாவுக்குப் பேச்சு வரவில்லை. வலது கையைத் தூக்கி நெஞ்சில் தட்டினார். நிர்மலாவையே பார்த்துக்கொண்டு தட்டினார்.

"வலிக்குதா நைனா? தோ, போயிடலாம். தோ."

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். மறுபடி தட்டினார்.

"இருய்யா, அலட்டிக்காத," என்று கெங்கம்மாள் அந்தக் கையைப் பிடித்துத் தன் கைகளுக்குள் பொத்திக்கொண்டாள்.

கடைசியில் நிர்மலா கே.ஜி.கண்டிகை பஸ் நிறுத்தம் வரை ஓடித் துளசிங்கத்தின் ஆட்டோவைக் கூட்டி வந்தாள். அதற்குள் கால்மணி நேரம் போய்விட்டிருந்தது. மலைக்கோயில் கண்ணில் பட்ட இடத்தில், கெங்கம்மாள் கும்பிடுவதற்காகப் புருஷனின் கையை ஒரு நிமிடம் விட்டாள். திரும்பப் பிடித்தபோது அந்தக் கை அவள் கையைப் பிடிக்கவில்லை.

பாடை கட்ட இடம் வேண்டுமென்று ஆறு பேர் காரைத் தள்ளிக்கொண்டுபோய் மதிலோரம் விட்டார்கள். நான்கு நாள் அது அங்கேயே நின்றது. ஐந்தாம் நாள் காலையில் மெக்கானிக் முருகவேல் வந்தான். நைனாவின் வண்டியை வழக்கமாகப் பார்ப்பவன் அவன்தான்.

பானட்டைத் திறந்து வைத்துவிட்டு, ஒரே ஒரு தடவை திருகினான். மின்னுகிற விளக்கைப் பார்த்ததும் சாவியை உருவி உள்ளங்கையில் வைத்துப் புரட்டினான்.

"இந்தச் சாவிலயாக்கா ஸ்டார்ட் பண்ணீங்க?"

"ஆங். ஆணியில இதான் இருந்துச்சி."

"இது மார்க்கெட்ல போட்ட டூப்ளிகேட்டுக்கா. கதவு தொறக்கும். ஸ்டார்ட்டரு சுத்தும். அவ்ளோதான். கம்பெனி சாவி மண்டைக்குள்ள சின்னதா ஒரு சிப்பு இருக்கும். வண்டி அத்த அடையாளம் கண்டாத்தான் ஓட உடும். இல்லனா யாரோ திருடிகினு போறாங்கன்னு ரெண்டு செகண்டுல பெட்ரோல நிறுத்திடும்."

நிர்மலா அந்தச் சாவியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

முருகவேல் குரலைத் தாழ்த்தினான். "நைனாவுக்குத் தெரியும்க்கா. போன வருசமே சொன்னேன், சிப்பு வெச்ச சாவியா ஒண்ணு போட்டுக்கலாம்னு. 'உட்றா, எங்கூட்டுக்காரி அவசரத்துக்கு ஆவும்னு மார்க்கெட்ல போட்டாந்து மாட்டி வெச்சிருக்கா. வேலைக்காவாதுன்னா அவ மூஞ்சி சுண்டிப்பூடும். ஓட்டறது நான் ஒருத்தன்தான?'ன்னு சிரிச்சாரு." சற்றுப் பொறுத்து, "கம்பெனி சாவி எங்கக்கா?" என்று கேட்டான்.

எங்கே? அவள் யோசித்தபடி நின்றாள். பிறகு யாரோ கூப்பிட்டதுபோல வீட்டுக்குப் பின்னால் போனாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பை மாட்டுக்கொட்டகைக் கம்பத்தில் மாட்டியிருந்தது. இறந்தவர் உடுத்தியிருந்த துணி. காரியத்தன்று போட்டுவிட வேண்டியது. முடிச்சை அவிழ்த்துச் சட்டையை வெளியே எடுத்தாள். இடது பக்கப் பையில் கனமாக என்னவோ இருந்தது. கையை விட்டாள்.

சாவி.

நைனா தட்டிக் காட்டிய இடம் அது. வலிக்குதா என்று அவள் கேட்டதற்கு இல்லையென்று தலையாட்டினாரே! சட்டையை முகத்தில் பொத்திக்கொண்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுது முடித்துவிட்டுத்தான் அவள் முன்பக்கம் வந்தாள்.

டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து திருகினாள். அந்தச் சாவிக்கு வண்டி முதல் திருகிலேயே பிடித்தது. நிற்கவில்லை.

சத்தம் கேட்டுக் கெங்கம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். நான்கு நாளில் வற்றிப்போயிருந்தாள்.

"இன்னாப்பா ஆச்சி இதுக்கு? அன்னிக்கி அப்டி மொரண்டு புடிச்சிதே."

முருகவேல் நிர்மலாவைப் பார்த்தான்.

"பேட்டரிமா," என்றாள் நிர்மலா.

"பேட்டரியா?" கெங்கம்மாள் பக்கத்தில் வந்து காரின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "சாவியில ஒண்ணும் இல்லியே? நான்தான போட்டாந்தேன். நாலு நாளா அதே நெனப்பா கீது."

"அதுல ஒண்ணும் இல்லமா. சாவி நல்லாத்தான் இருக்குது."

முருகவேல் பானட்டை மெதுவாக மூடினான். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பதால், யாரையும் பார்க்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு போனான்.

நிர்மலா வண்டியை அணைக்கக் கையை நீட்டினாள்.

"நிறுத்தாதடி. பேட்டரி எறங்கிப்போனா அரமணி நேரம் ஓட உடணும், அப்பதான் ஏறும்னு உங்க நைனா சொல்லுவாரு."

நிர்மலா கையை எடுத்துக்கொண்டாள்.

கெங்கம்மாள் சுற்றிக்கொண்டு வந்து முன்கதவைத் திறந்து மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். இன்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. எதிரே மதில்தான், அதில் ஒரு கோழி ஏறி நின்றிருந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.