நாரிக்கு ஒரு மலைச் சைக்கிள்

நெடுந்தீவில் மலை கிடையாது. மலை என்ன, மூச்சு வாங்க ஒரு மேடுகூடக் கிடையாது. அப்படிப்பட்ட ஊரில் மலைச் சைக்கிள் வாங்கிய முதல் ஆள் நான்தான் என்று இன்றைக்கும் சந்தியில் நின்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சிரிக்கிறவனுக்கு ஒருநாள் இடுப்புக்குப் பின்னால் இந்த நாரிநோ வரும், அப்போது கதைப்போம்.

நான் யசிந்தன். பதினாறு வருடமாக இந்தத் தீவின் தபால்காரன். பெரிய தெருவுக்கு வடிவாகத் தார் போட்டுவிட்டார்கள், ஆனால் கடிதம் வருகிற சனம் முழுக்கக் குறுகலான ஒழுங்கைகளுக்குள்தான் இருக்கிறது. ஒழுங்கை முழுக்கக் கரடுமுரடான முருகைக்கல். அந்தக் கல்லின் மேல் இரும்புச் சைக்கிளைப் பதினாறு வருடம் ஓட்டியதில் என் முள்ளந்தண்டில் ஏதோ ஒன்று இடம் விலகிவிட்டது. யாழ்ப்பாணத்து டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனி உடம்பைக் குலுக்கக்கூடாது" என்றார். நான் என்ன மருந்துப் போத்தலா? மோட்டார் சைக்கிளிலும் இரண்டு நாள் போய்ப் பார்த்தேன். மூன்றாம் நாள் எழும்ப முடியவில்லை.

கடைசி எட்டு மாதமும் என் சீவியம் இதுதான். ஒரு மணிக்குச் சுற்று முடித்து வருவேன், பையைப் போடுவேன், பார்சல் தட்டுக்குப் பின்னால் சீமெந்து நிலத்தில் மல்லாந்து விடுவேன். மூன்று மணிவரை நிற்க ஏலாது, கதிரையில் இருக்கவும் ஏலாது. எங்கள் தபாலதிபர் யூலியட் அக்கா பாவம், ஒரு சொல் சொல்லாமல் என் வேலையையும் சேர்த்துச் செய்தார். ஒருநாள் மேசையில் ஒரு படிவத்தை எடுத்து வைத்தார்.

"யசிந்தன், உம்மை யாழ்ப்பாணத்துக்கு மாத்தச் சொல்லி எழுதப்போறன். கதிரையில இருந்து கடிதம் பிரிக்கிற வேலை. உம்மட நன்மைக்குத்தான். கோவிக்காதையும்."

"நான் கோவிக்கேல்லை!" என்று கத்தினேன். வாசலில் நின்ற ஆடு பயந்து ஓடியது.

எனக்கு அந்தக் கதிரை வேண்டாம். எந்த வீட்டில் யார் எந்தக் கடிதத்துக்குக் காத்திருக்கிறார்கள் என்பது இங்கே எனக்குத்தான் தெரியும். பரீட்சை முடிவு வந்தால் வாசல் படலையடியிலேயே முகத்தைப் பார்த்துத்தான் கொடுப்பேன். டவுனில் போய் முகமே தெரியாத கடிதங்களைக் குவித்துக்கொண்டிருக்க என்னால் ஏலாது. அதைச் சொன்னபோது யூலியட் அக்கா கொஞ்சம் இளகினார்.

"சரி. மாத முடிவில வாற புதன்கிழமை. முழுச் சுற்றும் போட்டு ஒரு மணிக்கு வாரும். அதுக்குப் பிறகு உம்மால நிண்டு வேலை செய்ய ஏலுமெண்டால் பாப்பம். இல்லாட்டி பின்னேர வள்ளத்தில படிவம் போகும்."

வீட்டில் இதைக் கேட்டதும் ஜெனீற்றா அழவில்லை. என் மனுசி அழுகிற ஆள் இல்லை, முன்பள்ளிப் பிள்ளைகளை மேய்க்கிறவள். போனை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். இரண்டு நாளாக வெளிநாட்டுக்காரர் மலையில் சைக்கிளோடு குதிக்கிற வீடியோக்களைப் பார்த்தாள். பிறகு என்னிடம் ஒரு சொல் கேட்காமல் சீனாவிலிருந்து எதையோ தருவித்தாள்.

அந்தப் பார்சலை நானே சுமந்து கொண்டுவந்து, என் வீட்டுப் படலையில் நானே மணி அடித்து, ஜெனீற்றாவிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். அதற்கு முன் குறிகட்டுவான் துறையிலிருந்து அதை ஏற்றி வந்த வள்ளக்காரனோடு ஒரு சண்டை. பெட்டி ஆள் உயரம், தூக்கினால் பாரமே இல்லை. "உள்ளுக்கு இருந்ததை எடுத்துப்போட்டு வெறும் பெட்டியைத் தாறியோ?" என்று துறையில் நின்று சத்தம் போட்டேன். உடைத்துப் பார்த்தால் சீற் கம்பியோடு சைக்கிள் பிறேம் முழுசாக இருந்தது. கறுப்பாக, வழவழவென்று, நடுவில் ஒரு சொக் அப்சோபரோடு.

"இது பிளாஸ்ரிக்கடி!"

"காபன் பைபர்" என்றாள் ஜெனீற்றா. "இருக்கிறதுக்குள்ள மலிவானது. பின் சில்லுக்குச் சொக் இருக்கு, முன்னுக்கும் ஒண்டு பூட்டுவம். கல்லில சில்லுத்தான் துள்ளும், ஆள் துள்ளாது."

"மலையில ஓடுற சைக்கிள் இஞ்சை என்னத்துக்கு?"

"உங்கட ஒழுங்கையை எந்த மலைக்காரனும் வந்து பாக்கேல்லை" என்றாள்.

பாகங்களைப் பொருத்திப் பூட்டுகிற பொறுப்பு அவளுடைய தம்பி றஜீபனுக்கு. அவன் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவன். யாழ்ப்பாணத்தில் பிறேம் முறிந்த பழைய மலைச் சைக்கிள் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன் சில்லு, முன் சொக், பிறேக், கியர் எல்லாவற்றையும் கழற்றி வந்தான். ஞாயிறு பூசை முடிந்து முற்றத்தில் சாக்கு விரித்து இருந்தோம். பெட்டியோடு சின்ன எழுத்தில் ஒரு விளக்கத் தாள் வந்திருந்தது. ஜெனீற்றா அதை வாசிக்கப் போனாள்.

"அக்கா, எஞ்சினை இறக்கி ஏத்துறவனுக்குச் சைக்கிள் படிப்பிக்கிறியோ?" என்று றஜீபன் அதைப் பறித்து, முழங்கால் நோகாமல் இருக்கக் கீழே போட்டு அதன்மேல் முட்டுக்கால் குத்தினான்.

பெட்டிக்குள் ஒரு குட்டிப் பையில் பசை மாதிரி ஒரு சாமானும் இருந்தது. அவன் விரலில் எடுத்துத் தேய்த்தான். நறநறவென்றது. முகம் கோணிப் போயிற்று.

"அத்தான், கிறீசுக்குள்ள மண் விழுந்துபோச்சு. பழுதானதை எங்கட தலையில கட்டிப்போட்டாங்கள்."

நானும் தேய்த்துப் பார்த்தேன். சாட்சாத் மணல். எங்கள் தீவில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும், கிறீசுக்குள் மண் போனால் எஞ்சின் முடிந்தது. மலிவுச் சாமான் என்றால் இப்படித்தான் என்று சொல்லி, நானே அதை வீசி மதிலுக்கு அந்தப்பக்கம் எறிந்தேன். றஜீபன் தன்னுடைய நல்ல கிறீஸ் பேணியைத் திறந்தான். இரும்பைத் தின்னும் உப்புக்காற்றில் இருக்கிற எங்களுக்குக் கிறீஸ் என்றால் திருநீறு மாதிரி, கண்ட இடமெல்லாம் பூசுவோம். கதவுப் பிணைச்சல், கத்தரிக்கோல், கிணற்றுக் கப்பி, ஒன்றும் மிச்சமில்லை. சீற்றுக்குக் கீழே போகிற காபன் கம்பியில் அவன் அள்ளிப் பூசினான். "இனிப் பேரப்பிள்ளை காலத்திலயும் கறள் பிடியாது" என்றான். காபன் எங்கே கறள் பிடிக்கும்? அந்த நேரம் அது ஒருவருக்கும் தோன்றவில்லை.

செவ்வாய் பின்னேரம் வேலை முடிந்தது. கடிதப் பைக்கு என்று என் பழைய சைக்கிளின் இரும்புக் கூடையை றஜீபன் முன்னால் கட்டியிருந்தான். முற்றத்தில் நாலு சுற்று ஓடிப் பார்த்தேன். பிழை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை, எனக்கே கவலையாகப் போயிற்று.

புதன் காலை ஒன்பதரைக்கு வெளிக்கிட்டேன். முதல் ஒழுங்கையில் இறங்கியதும் வழக்கம்போலப் பல்லைக் கடித்துக்கொண்டேன். மாதாவே! சில்லு கல்லில் ஏறுகிறது, கண் காண்கிறது, நாரிக்குச் சேதியே போகவில்லை. வேண்டுமென்றே ஒரு பெரிய கல்லைத் தேடிப்போய் ஏற்றினேன். பின்னும் ஒன்று. நடு ஒழுங்கையில் தனியாகச் சிரித்துக்கொண்டு போனேன், கல்மதிலுக்கு அந்தப்பக்கம் நின்ற குதிரை ஒன்று என்னை நிமிர்ந்து பார்த்தது. சின்னவனாக இருந்தபோது சைக்கிள் பழகிய நாளில் வந்த சந்தோசம் அது.

பத்தாவது வீட்டில் ஏதோ வித்தியாசம் தெரிந்தது. முழங்கால் கொஞ்சம் உயருகிறது. பதினைந்தாவது வீட்டில் முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. இறங்கிப் பார்த்தால் சீற் கம்பியோடு கீழே போயிருந்தது. இழுத்து உயர்த்திப் பூட்டினேன். இரண்டு கல்லுக்கு நின்றது, பிறகு மெல்ல மெல்ல இறங்கியது.

"என்ன யசிந்தன், கடிதம் குடுக்கக் குடுக்கக் கட்டையாகிக்கொண்டு போறீர்?" என்றார் சந்திக் கடை முதலாளி. அவருக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை, சொல்லியிருந்தால் இங்கே எழுதவும் ஏலாது.

உயர்த்துவதும் இறங்குவதுமாக மேற்குக் கரைவரை போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. இன்னும் பதினொரு வீடு. குந்தியபடி மிதித்ததில் நாரி மெதுவாக முணுமுணுக்கத் தொடங்கியிருந்தது. கரையோரத்தில் மாடு வளர்க்கிற யோகம்மாவின் படலையடியில் நிறுத்தி, வந்த ஆத்திரத்தில் திருகாணியைப் பலம் கொண்டமட்டும் முறுக்கினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். காபன் வெடித்துவிட்டதோ என்று தடவிப் பார்த்தேன், வெடிப்பு ஒன்றும் இல்லை. ஜெனீற்றாவுக்குப் போன் எடுத்தேன்.

"முறுக்காதையுங்கோ! பொறுங்கோ, அந்தத் தாளைப் பாக்கிறன்" என்றாள். கொஞ்ச நேரம் கடதாசி சரசரக்கும் சத்தம். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "காபன் கம்பிக்குக் கிறீஸ் பூசக்கூடாதாம், வழுக்குமாம். நறநறவெண்டு ஒரு பசை அனுப்பியிருக்கிறமாம், அதைத்தான் பூசட்டாம். அந்த மணல்தான் கம்பியை இறுக்கிப் பிடிக்குமாம். அந்தப் பை எங்கை?"

"மதிலுக்கு அந்தப்பக்கம்."

"ஆர் எறிஞ்சது?"

"காத்து" என்றேன்.

போனை வைத்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றேன். கோபம் வரவில்லை. முதன்முறையாகப் பயம் வந்தது. இந்த மணலுக்காக ஒரு மனிதன் தீவை விட்டுப் போகப் போகிறானே என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டு காலடியைப் பார்த்தால் எங்கே பார்த்தாலும் மணல்.

"யோகம்மாக்கா! சவுக்காரமும் மா அரிக்கிற அரிதட்டும் தாங்கோ!"

யோகம்மா மாட்டுக்குத் தண்ணி வைத்துக்கொண்டிருந்தவர், வாளியோடு வந்தார். "ஏன் தம்பி, புட்டு அவிக்கப்போறீரோ?"

கம்பியைக் கழற்றி, சவுக்காரம் போட்டுக் கிறீஸ் போகக் கழுவி, துடைத்தேன். கரை மணலை அரித்தால் பவுடர்போல விழுந்தது. ஆனால் வெறும் மணல் கம்பியில் ஒட்டாதே. என் பையில் கிழிந்த கடித உறை ஒட்டுவதற்கு ஒரு கோந்துப் போத்தல் எப்போதும் கிடக்கும். இரண்டையும் குழைத்துக் கம்பியில் பூசி, அளவான உயரத்துக்குத் திரும்பச் செருகினேன். வாழ்க்கை முழுக்க இயந்திரத்தில் மண் படாமல் காத்தவன், மண்ணைத் தேடிப்போய்ப் பூசுகிறேன். றஜீபன் கண்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பான். கோந்து காயும்வரை யோகம்மா மோர் தந்தார். மோரையும் குடித்து அவருக்கு வந்த பதிவுத் தபாலையும் கொடுத்தேன்.

"அரிதட்டைக் கழுவி வைச்சிட்டுப் போம்" என்றார்.

திருகாணியை அளவாகப் பூட்டி, பயந்து பயந்து ஏறி இருந்தேன். அசையவில்லை. முதல் கல். அசையவில்லை. மிச்சப் பத்து வீட்டுக்கும் பறந்தேன்.

ஆனால் மணி பறக்காமல் நிற்குமா? தபால் கந்தோர் வாசலில் சைக்கிளைச் சாத்தும்போது சுவர் மணிக்கூட்டில் ஒன்று ஐம்பது. யூலியட் அக்கா முத்திரை குத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்தப் படிவம்.

"பிந்திப்போனன் அக்கா. தெரியும். ஆனால் நாரியால இல்லை, சீற்றால!" என்று தொடங்கினேன். தொடங்கியது நிற்கவில்லை. கிறீஸ், மணல், கோந்து, அரிதட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கையை ஆட்டிச் சொன்னேன். குனிந்து தரையில் விரலால் கம்பி கீறிக் காட்டினேன். நிமிர்ந்து மேசையில் தட்டினேன். இடையில் வந்த இரண்டு பேருக்கு முத்திரை விற்றேன், ஒருவருக்குப் பார்சல் நிறுத்துக் கொடுத்தேன், பிறகு விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தேன். அவர் தன்பாட்டில் முத்திரை குத்தினார். எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. துறையில் பின்னேர வள்ளம் ஊதியது.

"வள்ளம் ஊதீட்டுது! படிவத்தைத் தாங்கோ, கையெழுத்தை வைச்சுத் துலைக்கிறன்!"

யூலியட் அக்கா நிமிர்ந்து மணிக்கூட்டைப் பார்த்தார். "ரெண்டரை" என்றார். "நீர் வந்து நாப்பது நிமிசம். எட்டு மாதமா வந்தவுடனை விழுந்து படுக்கிற மனுசன், இண்டைக்கு நிண்டுகொண்டே என்னோடை சண்டை பிடிக்கிறீர்."

நான் என் காலைக் குனிந்து பார்த்தேன். நின்றுகொண்டுதான் இருந்தேன். எனக்கே வெட்கமாக, கண்ணில் தண்ணி வந்துவிட்டது. அவர் படிவத்தை நாலாக மடித்து ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் வைத்தார்.

வீட்டுக்குப் போனேன். கோந்து இறுகிவிட்டது, இனிக் கம்பியைக் கழற்ற ஏலாது என்று றஜீபன் முற்றத்தில் நின்று புலம்பிக்கொண்டிருந்தான். நான் குசினிக்குள் போய்ச் சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைப் போட்டுக்கொண்டு, சுவரோரம் நின்றபடி சாப்பிடத் தொடங்கினேன். ஜெனீற்றா கதிரையை இழுத்துப் போட்டாள். நான் அதில் இருக்கவில்லை. அவள் முகம் வாடிவிட்டது.

"ஏன் நிக்கிறியள்? இருக்க ஏலாமல் நோகுதோ?"

"இல்லை ஜெனீற்றா, நோகேல்லை" என்றேன். "அதுதான் நிக்கிறன்."